சாந்திக்குப் பத்தில், எனக்குப் பதினைந்தில்

1

சாந்தி வந்து இறங்கிவிட்டாள்! பத்து நாளாகிறது. ஆவடியிலிருந்து திருப்பதி போவதையே பெரிய பயணமாக நினைத்தவள், ஃபின்லாந்து நாட்டில், தம்பெரே நகரத்தில், என் வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், தலையில் என் கணவரின் குல்லா. ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்து, "இன்னாடி இது, மாவு மில்லு உள்ள நிக்கிறா மாதிரி கீது" என்கிறாள். நான் இதை எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். நடக்கிற காரியமா அது!

சாந்தி என் அக்கா. அக்கா என்றால் எனக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்தவள். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். நான் வசந்தி. ஆனால் எங்களைப் பார்த்து யாரும் இரட்டை என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வயிற்றில் வைத்தே எனக்கான பங்கையும் அவளே சாப்பிட்டுவிட்டாள் என்று எங்கள் குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள்.

அவள் இத்தனை தூரம் வந்ததற்குக் காரணம் என் மகள் மித்ரா. வயது பத்து.

இங்கே பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு நர்ஸ் உண்டு. வருடா வருடம் பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்த்து, கணினியில் ஒரு கோடு இழுப்பார். பிறந்ததிலிருந்து வளர்ந்துகொண்டே வரும் கோடு. அது கொஞ்சம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் வீட்டுக்குப் போன் வரும். எனக்கு வந்தது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன்.

நர்ஸ் பெயர் கிர்ஸி. மெல்லப் பேசும் நல்ல பெண்மணி. மித்ராவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எடை கூடியிருக்கிறது, உடம்பில் வளர்ச்சியின் அடையாளங்கள் தெரிகின்றன, கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பெண் குழந்தைகளுக்கு இது சில சமயம் முன்னதாகவே தொடங்கும், பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். என் ஃபின்னிஷ் மொழி காய்கறிக் கடை வரைக்கும் நன்றாக ஓடும். நர்ஸ் முன்னால் உட்கார்ந்தால் படுத்துவிடும். பதற்றத்தில் தமிழில் நினைத்ததை அப்படியே அவர்கள் மொழியில் எடுத்து வைத்தேன்.

"என் மகள் இன்னும் பெரிய பெண் ஆகவில்லை."

கிர்ஸி கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆகிவிட்டாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "எப்போது? இங்கேயா? வகுப்பிலா? எனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை?"

கிர்ஸி பயந்தே போனார். மித்ராவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அம்மா, அவங்க என் வெயிட்டைச் சொல்றாங்க. நீ வேற ஏதோ சொல்றே" என்றாள் தமிழில். பிறகு கிர்ஸியிடம் திரும்பி, நான் சொல்ல வந்தது இன்னதுதான் என்று மாதவிடாய்க்கான ஃபின்னிஷ் சொல்லைப் பளிச்சென்று போட்டு விளக்கினாள். என் அம்மா வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லாத சொல். என் பெண், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்கிறாள்.

வீடு வரும்வரை மித்ரா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கோளாறு ஒன்றுமில்லை, கொஞ்சம் முன்கூட்டியே வளர்கிறாள், அவ்வளவுதான் என்றார்கள். சந்தோஷமாக ஆவடிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கொழந்த சாப்புடுதா?"

"சாப்பிடாம என்னம்மா" என்றேன். அன்று சாயங்காலம்தான் கவனித்தேன். இரண்டு இட்லியில் ஒன்றரை தட்டிலேயே கிடந்தது. பள்ளியில் போடும் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், பசியில்லை என்றாள். நேற்று? நேற்றும் இல்லை. நான் விடாமல் கேட்கவும் அவள் ஃபின்னிஷுக்குத் தாவினாள். மனசில் இருப்பது வெளியே வரும்போது அவளுக்கு அந்த மொழிதான் வருகிறது. தமிழ், சோறு கேட்கவும் செருப்புத் தேடவும் மட்டும் என்று ஆகிவிட்டது.

"நான் நிறைய சாப்பிட்டதாலதான் எனக்கு இப்படி ஆகுதா?"

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அதே கேள்வி முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது. உடனே சாந்திக்குப் போன் போட்டேன். அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "நான் வரேன். விசாவுக்கு இன்னா இன்னா வேணும்னு சொல்லு" என்றாள்.

விசா வாங்குமிடத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார்களாம். "தங்கச்சி பொண்ணு பெரியவ ஆகப் போறா" என்றாளாம் இவள். அந்தப் பையன் தலைகுனிந்து 'உறவினரைப் பார்க்க' என்று தட்டிக்கொண்டானாம்.

2

எண்பதுகளின் நடுவில், ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மாடி வீடு எங்களுடையது. அப்பா அங்கே வெல்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர். அம்மா வெள்ளானூர்க்காரி. அங்கிருந்து சைக்கிள் மிதித்தால் அம்மாவின் பிறந்த வீடு வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. கீழே வேப்பமரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். சாந்தி பாதி ஆட்டத்தில், "வவுத்த வலிக்குது" என்று மேலே போனாள். திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தால், பின்பக்கத் தாழ்வாரத்தில் பழைய பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தொடாதே என்று அம்மா என்னிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தொற்று வியாதி என்று நினைத்து அழுதேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காதான் முதலில் வந்தார். அவரோடு இன்னும் நான்கைந்து பெண்கள். மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்ற நினைப்பே இல்லாமல் பேசினார்கள்.

"பத்து வயசுலயா? அநியாயமா இருக்கே."

"பின்ன? இந்த உடம்புக்கு வராம இருக்குமா? வாரா வாரம் கறி, தினமும் முட்டை."

"சின்னது பாரு, ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கு. அதுக்கு இன்னும் ஆறு வருஷம் ஆகும். பெருசுக்குத் தீனியைக் கொறைச்சிருக்கணும், கோமளா. வாயைக் கட்டத் தெரியல ஒனக்கு."

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அன்று மதியம் சாந்திக்குத் தனித்தட்டில் சோறு வந்தது. அவள் தொடவில்லை. சாயங்காலம் அம்மா உளுந்தங்களி கிண்டி, குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். களி என்றால் உயிரை விடும் சாந்தி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையும் தண்ணீர் மட்டும்தான்.

"இன்னாடி கண்ணு, ஒரு வாய் துன்னேன்."

"நான் நெறைய துன்னதாலதானம்மா இப்பிடி ஆச்சு? இனிமே துன்ன மாட்டேன். துன்னலைன்னா நின்னுடுமா?"

அம்மா அந்தக் களித்தட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். கதவருகே விரலைச் சூப்பிக்கொண்டு நின்ற என்னைப் பிடித்து இழுத்து, சாந்தியின் பாயில் அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். நேரே மாடிப்படிக்குப் போனார். அவர் குரல் அவ்வளவு சத்தமாக எழும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சரோஜாக்கா! நம்ம வசந்தியும் ஒக்காந்துட்டா!"

படிக்கட்டில் தலைகள் நிமிர்ந்தன.

"யாரு, அந்த ஒட்டடைக்குச்சியா?"

"ஆமா. ஒரே நாள்ல பொறந்ததுங்க, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஆயிடுச்சுங்க. துன்றதுக்கும் அதுக்கும் இன்னா கீது? துன்னாத பொண்ணுக்கும்தான் வந்துகீது, பாருங்க."

என்ன பதில் சொல்வார்கள்! எலும்புக்கூடாக நான் ஒருத்தி சாட்சிக்கு உட்கார்ந்திருக்கிறேனே! சரோஜா அக்கா என்னை எட்டிப் பார்த்தார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு போனார். அதன்பின் சாந்தியின் உடம்பைப் பற்றி அந்தப் படிக்கட்டில் யாரும் பேசவில்லை.

3

சேதி வெள்ளானூருக்குப் போனது. அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா பச்சைத் தென்னை ஓலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் ஓலையில் குடிசை கட்ட வேண்டும், அவள் அதற்குள் இருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு என்று வெட்டிக்கொண்டு வந்தவரிடம், இரண்டு பேர் என்று வாசலில்தான் அம்மா சொன்னார்.

"இன்னாக்கா வெளையாடுறியா? சாந்தி சரி. இது எப்பிடி? இதுக்குப் பாவாடையே இடுப்புல நிக்காது."

"கட்டுடா. பேசாத."

"மாடி ஊட்ல ஒரு குடிசை கட்டவே எடம் இல்ல. ரெண்டுக்கு எங்க போறது?"

கடைசியில் தாழ்வாரத்தில் ஒரே குடிசை, கொஞ்சம் அகலமாக. உள்ளே நானும் சாந்தியும். எனக்கு நடப்பது என்னவென்று அப்போதும் அரைகுறைதான். ஆனால் அந்த நாட்கள் மாதிரி குஷியான நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. பச்சை ஓலை வாசனை, வேளா வேளைக்குப் புட்டு, களி, நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. யாரும் வேலை சொல்வதில்லை. அம்மா இரண்டு தட்டிலும் ஒரே அளவு வைப்பார்.

முதல் நாள் நான் பாதியில் திணறினேன். சாந்தி தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் துன்னணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒனக்கும் வந்துச்சா நெஜமா?" என்றாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அம்மா வந்துச்சுன்னு சொல்றாங்க" என்றேன். சாந்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் எப்போதும் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்த களியை எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் தன்னுடையதையும்.

ஓலைக்கு வெளியே அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மஞ்சள் நீராட்டு இரண்டு பேருக்கும் ஒரே பந்தலில். குவார்ட்டர்ஸே திரண்டு வந்தது. எனக்குத் தாவணி நிற்காமல் ஊக்கு ஊக்காகக் குத்தினார்கள். மாமா மாலை போட வந்தவர், "கொடிக்கம்பத்துல துணி காயப் போட்டா மாதிரி கீது" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். போட்டோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

4

ஆனால் ஊருக்குச் சொன்னதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டுமே! சாந்தி மூன்று நாள் தனியே உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்தேன். அவள் கோயிலுக்கு வராவிட்டால் நானும் போகவில்லை. வருடங்கள் ஓடின. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. உண்மையில் எனக்கு வரவே இல்லை.

அம்மாவுக்குக் கவலை தொடங்கிவிட்டது. மற்ற அம்மாக்கள் என்றால் நாலு பேரிடம் யோசனை கேட்கலாம். இவர் யாரிடம் கேட்பார்? ஏற்கனவே விருந்து போட்டாயிற்று. கடைசியில் ஒருநாள் அம்பத்தூரில் முகம் தெரியாத ஒரு பெண் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு என்னை எடை பார்த்தார்.

"ஒடம்புல கொஞ்சம் சேரட்டும். ஒல்லியா இருக்கிற சில பொண்ணுங்களுக்கு லேட் ஆகும். இப்போதைக்கு ஒண்ணும் தப்பில்லை. பதினாறு முடிஞ்சும் வரலைன்னா வாங்க, பார்க்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து சாந்தி என்னை விடவில்லை. அவள் பள்ளியில் குண்டு எறிதல் வீராங்கனை ஆகியிருந்தாள். 'குண்டு குண்டு போடுது' என்று பையன்கள் கத்துவார்கள். இவள் திரும்பி, "எடுத்துத் தர்றேன், நீ போட்டுக் காட்டு மாமே" என்பாள். அப்புறம் அவர்கள் கத்துவதில்லை. பயிற்சிக்காகப் பள்ளியில் அவளுக்குக் கொடுக்கும் சுண்டலில் பாதி என் பைக்குள் வந்துவிடும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இடுப்பில் கைவைத்து நிற்பாள். இப்போது அவள் திருநின்றவூரில் விளையாட்டு ஆசிரியை. மாணவிகளிடம் இன்றும் அப்படித்தான் நிற்கிறாளாம்.

பத்தாம் வகுப்பில், பூந்தமல்லியில் ஒரு பள்ளி மைதானத்தில் மாவட்டப் போட்டி. சாந்தி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் வரை அவள்தான் இரண்டாவது. கடைசி எறி மட்டும் பாக்கி. அதை ஒழுங்காக எறிந்தால் முதலிடம் என்று எங்கள் பி.டி. டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்தேன். பள்ளியின் பின்புறம் பாத்ரூமுக்குப் போனேன்.

வெளியே வந்தபோது நான் நடக்கவில்லை, பறந்தேன்! ஐந்து வருடம்! பந்தல் போட்டு, மாலை போட்டு, ஊரெல்லாம் சாப்பிட்டுப் போய் ஐந்து வருடம் கழித்து! மைதானத்தில் சாந்தி வட்டத்துக்குள் நின்று குண்டைக் கழுத்தில் அணைத்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கயிற்றுக்கு வெளியிலிருந்து என் பலமெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"சாந்தீ! வந்துடுச்சுடீ!"

"எது, பஸ்ஸா? அதுக்குள்ளயா?" என்று பி.டி. டீச்சர் பதறித் திரும்பினார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே எறிந்தாள். குண்டு எங்கேயோ போனது, அவள் வட்டத்தைத் தாண்டி வெளியே வந்து விழுந்தாள். ஃபவுல். சிவப்புக் கொடி. அவள் கொடியையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. ஓடிவந்து என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மைதானமே எங்களைப் பார்த்தது. தோற்றதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

இரண்டாம் பரிசுடன் வீட்டுக்கு வந்தோம். காதில் சேதியைச் சொன்னதும் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். வாணலி நிறையக் கேசரி. சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "என்ன கோமளா விசேஷம்?" என்றார்.

"சாந்தி செகண்ட் பிரைஸ் வாங்கிகீறா!"

"ரெண்டாம் பரிசுக்கா இவ்ளோ நெய்?" என்று கேட்டுவிட்டு, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுப் போனார்.

5

இதையெல்லாம் போன வாரம் சாந்தி மித்ராவுக்குச் சொன்னாள். சாந்திக்குத் தெரிந்த தமிழ் மித்ராவுக்குத் தெரியாது. மித்ராவின் தமிழ் சாந்திக்குப் பத்தாது. நடுவில் நான் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். 'வந்துடுச்சுடீ'க்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாந்தி எழுந்து நின்று நடித்தே காட்டினாள். மித்ரா சோபாவிலிருந்து உருண்டு கீழே விழுந்து சிரித்தாள்.

பிறகு சிரிப்பு அடங்கி, அவளே தமிழில், தேடித் தேடிக் கேட்டாள். "அப்போ பெரியம்மா, சாப்பிட்டதாலயா வந்துச்சு, இல்லையா?"

சாந்தி மழுப்பவில்லை. "ஒடம்புல சதை கொஞ்சம் இருந்தா சீக்கிரம் வரலாம். இல்லைன்னா லேட்டா வரலாம். அது தண்டனை இல்ல கண்ணு. நான் பத்துல ஆனேன். உங்கம்மா பதினஞ்சுல ஆனா. ரெண்டு பேரும் உன் முன்னாடி நிக்கிறோம். யாருக்கு இன்னா கொறஞ்சு போச்சு, சொல்லு?"

மித்ரா எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் வரிக்கு வரி ஃபின்னிஷில் சொன்னேன், எங்கேயும் தடுக்கவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் நான் பிழையில்லாமல் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சாயங்காலம் கீழே போய்விடுகிறார்கள். பனியை உருண்டை பிடித்து, கழுத்தில் அணைத்து, எப்படிக் காலை மாற்றி எறிவது என்று சாந்தி பாடம் நடத்துகிறாள். மேலே வந்ததும் இருவருக்கும் பசி. தோசை சுட்டுப் போட என் கை போதவில்லை.

நேற்று மித்ரா பள்ளியிலிருந்து தன் தோழி ஐனோவோடு வந்தாள். ஐனோ அவள் வகுப்பிலேயே மெலிந்த பெண், காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். வந்ததும் மித்ரா பாத்ரூமுக்குள் போனாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள், எங்களையும் ஐனோவையும் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"வந்துடுச்சு!"

சாந்தி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து பார்த்தார். நாங்கள் மூவரும் கட்டிக்கொண்டு நிற்கையிலேயே மித்ரா போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அலுவலகத்திலிருக்கிற மனுஷனிடம் நேரடியாகச் சொன்னாள். "அப்பாகிட்டயேவா சொல்லுது?" என்று சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் அப்பாவிடம் நாங்கள் இருவரும் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் கணவர் பூந்தமல்லிக்காரர், இந்த விஷயம் என்றால் எழுந்து வேறு அறைக்குப் போகிறவர். போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிடா கண்ணு, உனக்கு எந்த கேக் பிடிக்கும்?" என்றார்.

கேக் வந்தது. நடுவில் வைத்து வெட்டினோம். மித்ரா தனக்கு ஒரு பெரிய துண்டு எடுத்துக்கொண்டாள். ஐனோ தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ கேட்டாள். மித்ரா இன்னொரு துண்டை வெட்டி ஐனோவின் தட்டில் வைத்து, அவள் தோளில் கைபோட்டுப் பதில் சொன்னாள்.

"இன்னாடி பேசிக்குதுங்க?" என்று சாந்தி என்னை இடித்தாள்.

"அந்தப் பொண்ணு, தனக்கு ஏன் இன்னும் வரலைன்னு கேக்குது."

"நம்மளுது இன்னா சொல்லுது?"

"அவசரமில்லை, அது வரும்போது வரும்ங்கிறா. வர்ற அன்னிக்கு மட்டும், தான் எங்க இருந்தாலும் பரவாயில்லை, தனக்குக் கேக்குற மாதிரி கத்திச் சொல்லணுமாம்."

சாந்தி எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.